தனசிங் வீட்டுப் பங்காளி

உச்சி வெயில். மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்தால் கொப்புளம் நிச்சயம். அந்த வெயிலைக் குடித்துக்கொண்டு தனசிங் வீட்டுச் சூரியத் தகடுகள் வரிசையாகப் படுத்திருந்தன. கீழே கூடத்தில் மின்விசிறி நின்றுபோய், வீட்டுக்காரர் பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

தெருவில் கரண்ட் இல்லை. அதனால் அவர் வீட்டிலும் இல்லை. தகடுகள் ஏறிய அன்றைக்குத் தெருவுக்கே அதிரசம் கொடுத்து, இனிமேல் யார் தயவும் தனக்குத் தேவையில்லை என்று அறிவித்த மனிதர் அவர். எதிர்வீட்டு ஜெயமணி வாசலில் நின்றபடி, “என்ன அண்ணாச்சி, சூரியனுக்கும் லீவா?” என்று கேட்டுவிட்டுப் போனான். தனசிங் பனியனை இன்னும் வேகமாக விசிறினார்.

தூத்துக்குடியில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தனசிங். மாணவன் பக்கம் ஒரு பிரேக், வாத்தியார் பக்கம் ஒரு பிரேக் என்று வாழ்ந்தவருக்குத் தன் காலடியில் பிரேக் இல்லாத எதுவும் பிடிக்காது. பிறகு கார்களே ஓட்டக் கற்றுக்கொண்டன. வாத்தியாரைக் கேட்காமல் கற்றுக்கொண்டன என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

இந்தக் கூத்து வரப்போகிறது என்று முதலில் சொன்னவன் மகன் ஆல்வின். டிரைவிங் ஸ்கூலை இப்போதே மூடிவிடலாம் என்றான். தனசிங்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, வீட்டை விட்டு வெளியே போடா என்றார். வெளியே என்றால் வாசல்வரை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவன் நியூசிலாந்துவரை போய்விட்டான். மறு வருஷமே ஸ்கூலை மூட வேண்டி வந்ததை அவனுக்கு யார் சொல்வது என்று வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் சொல்லவில்லை. அவனும் போன் செய்வதில்லை. மாடியில் அவன் அறையைப் பூட்டிச் சாவியைத் தனசிங் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது மகள் பெனிட்டா. அவளுக்குக் கிடைத்த வேலை தனசிங்குக்கு இன்றுவரை முழுதாகப் புரியவில்லை. கிழக்குக் கரையில் எங்கோ புதிதாகக் கட்டிய துறைமுகத்தில் நிற்கும் ராட்சசக் கிரேனை அவள் தன் அறையில் உட்கார்ந்து ஓட்டினாள். சுற்றிலும் திரை, கைக்கு இரண்டு பிடி, காலுக்கு மிதி. இங்கே அவள் கையை அசைத்தால் அங்கே கப்பலிலிருந்து கன்டெய்னர் எழும். “என் மக வீட்ல உக்காந்துக்கிட்டே கப்பலக் காலி பண்ணுதா” என்று தனசிங் சர்ச்சில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். வீட்டில் உட்கார்ந்துகொண்டே என்கிற சொல்லை அழுத்திச் சொல்வார். வீட்டை விட்டுப் போகாத பிள்ளை ஒன்று தனக்கும் உண்டு என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தகுதிகாண் காலத்தில் மூன்று முறை இணைப்பு அறுந்தால் வீட்டிலிருந்து ஓட்டும் அனுமதி ரத்தாகும். பிறகு துறைமுகத்துக்கே போய், அங்கே விடுதியில் தங்கி ஓட்ட வேண்டும். அறுந்தால் ஆபத்து ஒன்றும் இல்லை, கிரேன் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கும், கீழே லாரிக்காரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான், கப்பல்காரன் கத்துவான்.

பனியனை விசிறிய அன்றைக்கு அறுந்தது இரண்டாவது முறை.

மேலே இவ்வளவு வெயில் அடிக்கும்போது தகடு ஏன் செத்துக் கிடக்கிறது என்று தனசிங் மகளிடம் கேட்டார். கேட்டது மகளை, திட்டியது சூரியனை.

“நம்ம தகடு தெரு லைனோட தாளத்துக்குத்தாம்ப்பா ஓடும்” என்றாள் பெனிட்டா. “லைன் நின்னா அதுவும் நின்னுரும். இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்குத ஆளுக்கு நம்ம கரண்ட் அடிச்சிரும்லா.”

“அப்ப அது என் தகடு இல்ல. ஊர்த் தகடு.”

“பரவாயில்லப்பா. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு.”

தனசிங்குக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. ஒரு பிள்ளையை வாயால் துரத்தியாகிவிட்டது. இன்னொன்றையும் ஒரு வயரால் இழக்க வேண்டுமா? பாட்டரி வைத்து, தெரு லைனை அறுத்தெறிந்து, வீட்டைத் தனித்தீவாக மாற்றுவது என்று முடிவெடுத்தார். மனைவி ஹெப்சி, பழைய லைன் ஒரு ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டுமே, சோறா கேட்கிறது என்றாள். ஊன்றுகோல் வைத்துக்கொண்டு ஓட்டப் பந்தயம் ஓட முடியாது என்று தனசிங் பதில் சொன்னார். சொன்னபோது அது அவருக்கு மிக நன்றாக இருந்தது. கரண்ட் ஆபீசுக்குப் போய், இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, திரும்பக் கேட்டால் மாசக்கணக்கில் ஆகும் சார் என்று அவர்கள் எச்சரித்தபோது சிரித்துவிட்டு வந்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பயிற்சிக் கார் நின்ற ஷெட்டில் பாட்டரி அடுக்கு வந்து உட்கார்ந்தது. மாடித் தகடுகளின் வயரைப் புது இன்வெர்ட்டருக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு அறைக்கும் தனி வயர் பிரித்து, எல்லாவற்றையும் கொண்டுபோய் கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியில் முடிந்தார்கள். பெட்டியின் பெயர் பங்காளி. வெயில் இல்லாத நாளில் இருக்கிற மின்சாரத்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்று பங்கு பிரிப்பது அதன் வேலை. தனித்தீவு வீடுகளில் இந்தப் பெட்டி கட்டாயம் என்று சட்டம் வந்திருந்தது. ஆரம்பத்தில் சுவிட்சு மனிதர்கள் கையில் இருந்தபோது, மாமியார் விசிறியை மருமகள் நிறுத்தி, மருமகள் விசிறியை மாமியார் நிறுத்தி, விவகாரம் போலீஸ் ஸ்டேஷன்வரை போய்விட்டதாம். அதனால் பெட்டியின் முடிவில் யாரும் கை வைக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். மாசத்துக்கு ஒரு முறை அது தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொள்ளும்.

பெட்டியை மாட்ட வந்த கம்பெனிக்காரன் இசக்கிமுத்து வாய் ஓயாதவன். முதல் முறை மட்டும் வீட்டுக்காரரே வரிசையைச் சொல்லலாம், எந்த அறை முதலில், எது கடைசியில் என்று. இல்லாவிட்டால் பெட்டி வீட்டுப் பேச்சைக் கேட்டுத் தானே கற்றுக்கொள்ளும். பேச்சு வீட்டைத் தாண்டாது, அது உத்தரவாதம் என்றான்.

தனசிங் அப்போது செய்த காரியத்துக்கு இன்றுவரை அவர் தன்னை மன்னிக்கவில்லை. பெனிட்டா அறை முதலில் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சுற்றிலும் ஆள் நின்றது. ஜெயமணிகூட வந்து நின்றான். “எங்க வீட்ல முதல் கடைசின்னு ஒண்ணும் கிடையாது தம்பி. அது எங்களப் பாத்துப் படிச்சுக்கிடட்டும்” என்றார். தன் குடும்பத்தைப் பார்த்தால் பெட்டி மற்ற வீடுகளுக்குப் போய்ச் சாட்சி சொல்லும் என்று ஒரு நினைப்பு.

பெட்டி படிக்க ஆரம்பித்தது. அதன் படிப்பு முறை எளிமையானது. யாரும் முக்கிய வேலையில் இல்லாத நேரம் பார்த்து ஒரு அறையில் சற்று நேரம் மின்சாரத்தை நிறுத்தும், என்ன சத்தம் வருகிறது என்று கேட்கும். கூடத்தில் டிவி நின்றது. தனசிங் போட்ட கூப்பாட்டில் ஜெயமணி வீட்டு நாய் எழுந்து நின்றது. சமையலறையில் நின்றது. ஹெப்சி ஒன்றும் சொல்லாமல் செல்போன் விளக்கை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்து அரிந்தாள். வேலை முடிந்து பெனிட்டா படித்துக்கொண்டிருந்தபோது அவள் அறையில் நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, பரவாயில்ல என்று சொல்லிவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இது தவிர, பொழுது சாய்ந்ததும் குடும்ப ஜெபம். அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தனசிங் ஜெபத்தில் பேர்போனவர். சபையில் அவர் எழுந்து நின்றால் பின்வரிசைக்காரர்கள் உட்கார வாகாக இடம் பார்த்துக்கொள்வார்கள். கடலுக்குப் போனவர்கள், கவர்னர், சண்டை நடக்கும் தேசங்கள், பாஸ்டரின் பல்வலி என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வீட்டுக்கு வந்ததும் குரல் உடையும். பகலெல்லாம் வாயில் வராத மகன் பேர் அப்போதுதான் வரும். “ஆண்டவரே, என் பிள்ளை ஆல்வினை நினைத்தருளும். அவனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது தகப்பனே” என்று தேம்புவார். ஹெப்சி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். பெனிட்டா ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். கூடத்துச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒரு சின்னப் பச்சை விளக்கோடு கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆரம்ப நாட்கள் திருவிழாதான். தெருவில் கரண்ட் போகும்போதெல்லாம் தனசிங் வேண்டுமென்றே வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவார். பெனிட்டாவின் கிரேன் ஒரு நொடிகூட நிற்கவில்லை. தகுதிகாண் காலம் முடியப் போகிறது, மகள் வீட்டோடுதான் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அப்புறம் புயல் சின்னம் வந்தது. புயல்கூட வரவில்லை, சின்னம்தான் வந்தது. கடலுக்கு மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி, வானத்தைக் கறுப்புக் கம்பளியால் போர்த்திவிட்டது. தகடுகளுக்கு ஒரு வாய் வெயில்கூடக் கிடைக்கவில்லை. தனசிங் கவலைப்படவில்லை. இப்படி எத்தனையோ இருட்டைப் பாட்டரி தாங்கும் என்று இசக்கிமுத்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான்.

முதலில் சமையலறை போயிற்று. ஹெப்சி செல்போனைச் சாய்த்து வைத்தாள். பிறகு குளியலறையில் வெந்நீர் போயிற்று. சின்னச் சின்னத் தியாகங்கள் என்று தனசிங் விளக்கம் சொன்னார். மறுநாள் மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெனிட்டா அறைக்குள் கப்பல் வேலையில் இருந்தாள். தனசிங் கூடத்தில் கால் மேல் கால் போட்டு டிவியில் புயல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு சொன்னார்கள். அந்த மக்களுக்காக ஒரு பெருமூச்சு விட்டார்.

பெனிட்டாவின் அறைக் கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் அறை இருட்டாக இருந்தது.

“தொங்குதுப்பா” என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. டிவி வெளிச்சம் மகள் முகத்தில் அடித்தபோதுதான் விளங்கியது. தொங்கிக்கொண்டிருந்தது கன்டெய்னர். அவள் இணைப்பு மூன்றாவது முறையாக அறுந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவி மட்டும் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. தனசிங் பாய்ந்து அதை அணைத்தார். தன் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக அவர் பிரேக் போட்டதில்லை, இவ்வளவு தாமதமாகவும் போட்டதில்லை.

பெட்டியின் முன்னால் போய் நின்றார். பாட்டரி என்ன ஆயிற்று என்று கத்தினார். பெட்டிக்குச் செய்தி வாசிப்பவரின் குரலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரே அவர்தான். அது நிதானமாக, பாட்டரியின் பெரும்பகுதி மாடி அறைக்குச் செலவாகியிருப்பதாகச் சொன்னது.

“மாடியில யாரு இருக்கா? அது பூட்டிக் கெடக்கு!”

“மாடி அறை இந்த வீட்டின் முதல் அறை. அங்கே மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்பது என் முடிவு.”

தனசிங் அரைஞாணைத் தடவிக்கொண்டே படியேறினார். பின்னாலேயே ஹெப்சியும் பெனிட்டாவும் வந்தார்கள். கதவுக்குக் கீழே கோடு போட்டது போல வெளிச்சம் தெரிந்தது. பூட்டைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் வந்து அறைந்தது. ஆல்வின் கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு ஒரு சுவிட்சையும் அணைக்காமல் போயிருந்தான். அப்போது தனசிங் கீழே அந்த அறைக்கான மெயினை மட்டும் தட்டிவிட்டார், அத்தோடு மறந்துவிட்டார். புது வயர் வந்ததும் அந்த அறையும் பெட்டியின் கைக்குப் போய்விட்டது. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. விசிறி சுற்றிச் சுற்றி, ஆளில்லாத கட்டிலின் போர்வை விளிம்பை அசைத்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இப்படியோ!

“இவன் இங்க இல்லியே” என்றார் தனசிங். சுவரைப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு அறைச் சுவரிலும் பெட்டிக்கு ஒரு காதும் ஒரு வாயும் உண்டு.

“இல்லை என்று இந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை” என்றது பெட்டி. “தினமும் மாலையில், வேறு எதற்கும் இல்லாத உருக்கத்தோடு, அவருக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று நீங்கள் கேட்கிறீர்கள். என்னால் தர முடிந்தது மின்சாரம்.”

“அது ஆண்டவர்கிட்ட கேட்டது.”

“நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.”

பெனிட்டாவுக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறாய் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா, கேட்டுவிட்டார்.

“அவர் அறையில் நிறுத்தியபோது பரவாயில்ல என்றார். ஒவ்வொரு முறையும் அப்படியே. உங்கள் ஜெபத்தில் கடலுக்குப் போனவர்கள் வந்தார்கள். கவர்னர் வந்தார். பாஸ்டரின் பல்வலி வந்தது. பெனிட்டா என்ற பெயர் வரவில்லை.”

தனசிங் திரும்பி மகளைப் பார்க்கப் பயந்தார். கற்றுக்கொடுத்த காலத்தில், குறுக்கே வந்த ஆட்டை அடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறார். இப்போது அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒரு நாள்கூடவா சொல்லவில்லை? அவளுக்காகத்தானே லைனை அறுத்தார், அவளுக்காகத்தானே இவ்வளவும்? ஆனால் காணாமல் போன பிள்ளைக்குத்தான் ஜெபம், கண் முன்னால் நடமாடுகிற பிள்ளைக்கு எதற்கு என்று இருந்துவிட்டார். அவள் காய்ச்சலென்று படுத்ததில்லை, பரீட்சையில் தோற்றதில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. அவளைப் பற்றி ஆண்டவரிடம் முறையிட அவருக்கு ஒரு முகாந்திரமே கிடைக்கவில்லை.

“அழுத பிள்ளைக்குத்தான் பால்னு சும்மாவா சொன்னாவ” என்று ஹெப்சி முணுமுணுத்தாள்.

பெனிட்டா அண்ணன் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். ஏசிக்கு நேரே முகத்தைக் காட்டினாள். “நல்லா குளுகுளுன்னு இருக்கு” என்றாள். பிறகு எழுந்து விளக்கு, விசிறி, ஏசி என்று ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

பெனிட்டாவின் கம்பெனியிலிருந்து தகவல் வரத் தாமதமாகவில்லை. வீட்டு அனுமதி ரத்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள், விடுதி இருக்கிறது, விருப்பம் இருந்தால் வந்து சேரலாம். தனசிங் கரண்ட் ஆபீசுக்கு ஓடினார். பழைய இணைப்பைத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு எச்சரித்தவரே இன்றைக்கும் உட்கார்ந்திருந்தார், இந்த முறை அவர்தான் சிரித்தார். இணைப்பு கிடைத்தாலும் ரத்தானது ரத்தானதுதான் என்று பெனிட்டா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கேட்காமல் ஓடியது அவருடைய கால்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மகள் பயணப்பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது தனசிங் அறை வாசலில் வந்து நின்றார். கிரேன் நாற்காலியைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப்போன இடம் காலியாக இருந்தது.

“உனக்கு வேணும்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாம்மா.”

“கேக்காத பிள்ளைதான் நல்ல பிள்ளைன்னு நீங்கதானப்பா ஊரெல்லாம் சொன்னிய.”

உண்மைதான். சபையில் எழுந்து நின்றே சொல்லியிருக்கிறார்.

“போக இஷ்டமில்லன்னா சொல்லு.”

“பரவாயில்லப்பா.”

இந்த முறை தனசிங் அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து, மடித்து வைத்த துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அது பதில் இல்லை, பதிலைச் சொல் என்று பிடிவாதம் பிடித்தார்.

பெனிட்டா ஒரு சுடிதாரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “போகப் பிடிக்கலப்பா. எனக்கு வீட்ல இருக்கத்தான் பிடிச்சிருக்கு. அம்மா சமையல், நீங்க டிவிக்குப் போடுத சத்தம், எல்லாம் பிடிச்சிருக்கு. ஆனா அந்தக் கிரேனும் பிடிச்சிருக்கே. என்ன செய்ய?”

இத்தனை வருஷத்தில் மகள் தன்னைப் பற்றி அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டால் சொல்லியிருப்பாள் போல. தனசிங்குக்கு அழுகை வந்தது. இது ஜெபத்தில் வருகிற மாதிரி ராகத்தோடு வரவில்லை, மூக்கில் தண்ணீராகத்தான் வந்தது.

அவள் போன பிறகு வீடு வெறிச்சென்றிருந்தது. தனசிங் திருந்திவிட்டார், அதில் சந்தேகமே இல்லை. பொழுது சாய்ந்தால் கடலுக்குப் போனவர்களையும் கவர்னரையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு நேராக மகளிடம் வந்துவிடுவார். “ஆண்டவரே, என் பிள்ளை பெனிட்டா, அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது” என்று ஆரம்பித்தால் தெருமுனைவரை கேட்கும். விடுதிச் சாப்பாடு, அங்குள்ள கொசு, அவள் தலைவலி எல்லாவற்றையும் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தார். பெட்டிக்குக் கேட்கட்டும் என்றும் சேர்த்துத்தான் உரக்கச் சொன்னார். என் மகளுக்கு இந்த வீட்டில் என்ன இடம் என்று அந்தத் தகரத்துக்கும் தெரிய வேண்டாமா?

மாசம் திரும்பியது. மழைக்காலம் இன்னும் விட்டபாடில்லை, வானம் மூடியே கிடந்தது. ஒரு நாள் காலை ஹெப்சி தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாட்டரியில் பாதிக்கு மேல் இருந்தது. மாடி அறையில் ஒரு சுவிட்சும் போடவில்லை. தனசிங் பெட்டியிடம் வந்து, இவ்வளவு இருந்தும் சமையலறைக்கு ஏன் இல்லை என்று கேட்டார்.

“மீதி பெனிட்டாவின் அறைக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த மாதத்திலிருந்து அதுதான் முதல் அறை.”

“அவதான் போயிட்டாளே!”

“அவர் போன பிறகுதான் அவருக்காக அதிகமாகக் கேட்கிறீர்கள். வந்தால் வேண்டியிருக்கும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.”

“சரி, அடுப்படிக்கு?”

“சமையலறையில் எத்தனை முறை நிறுத்தினாலும் எந்தச் சத்தமும் வருவதில்லை. அது கடைசி அறை.”

ஹெப்சி சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் மிக்ஸி ஜார், அதற்குள் பாதி அரைந்தும் பாதி அரையாமலும் தேங்காய். ஜாரைக் கொண்டுவந்து கணவரின் கையில் கொடுத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நானும் எங்கயாவது போறேங்க. நாசரேத்துல அக்கா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாறேன். அப்பத்தான் இந்த வீட்ல அடுப்படிக்குக் கரண்ட் வரும்.”

தனசிங்குக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேடிக்கையாகத்தான் சொன்னாள், ஜெயமணியிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தார். ஜாரைப் பிடித்துக்கொண்டு நன்றாகச் சிரித்தார். ஹெப்சி சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அறைக்குள் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.